டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு கிளிப்

தெர்மாமீட்டரை ஏசி காற்று வரும் துளைக்குள் செருகிய மெக்கானிக், ஒரு நிமிடம் பொறுத்து உருவிப் பார்த்துவிட்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி ஸ்கோர் சொன்னார்.

"முப்பத்தி நாலு!"

வெளியே முப்பத்தெட்டு. இந்த நாலு டிகிரிக்கா காலையிலிருந்து இத்தனை பாடு என்று அந்தப் பழைய வேனே வெட்கப்பட்டிருக்கும். ஏழு பேர் உட்காரும் வண்டி. வயது பதினாறு. இடுப்பால் ஓர் இடி கொடுத்தால்தான் பின்கதவு சாத்திக்கொள்ளும். டாஷ்போர்டில் இருந்த குமிழ்கள் எல்லாமே ஆட்டம் கண்டிருந்தன. அதில் ஏசியின் சூடு, குளிர் குமிழ் கொஞ்சம் கூடுதலாகவே ஆடியது. பதினாறு வயது வண்டியில் ஆடாதது எது என்று மெக்கானிக் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"கேஸ் ஃபுல்லா இருக்கு. கம்ப்ரசர் ஜம்முனு ஓடுது. பைப்பைத் தொட்டா கை விறைச்சுப் போகுது. ஆனா உள்ள வர்ற காத்து மட்டும் அனலா இருக்கு. இருபத்தஞ்சு வருஷமா இந்த வேலைதான் பாக்கறேன் சார், இப்படி ஒரு கூத்தைப் பார்த்ததில்லை," என்றார்.

சார் என்பது அந்த வண்டியில் கூட வந்திருந்த தையல்காரியின் கணவன். அவன் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "எதையாவது மாத்துங்க. எங்க அக்காவுக்கு வெயில் ஒத்துக்காது. ஏசி இல்லாம வண்டில ஏறவே மாட்டாங்க," என்றான்.

டயர் அடுக்கில் சாய்ந்து நின்றிருந்த தையல்காரியின் காதில் அது விழுந்தது. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். வண்டிக்கு என்ன நோய் என்று அந்தப் பட்டறையில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நோயை வைத்தவளே அவள்தானே.

அந்த அக்கா, அதாவது தையல்காரியின் நாத்தனார், மின்விசிறிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை, பைக்குள் பச்சைக் குழந்தைக்கான துணிகள், கையில் போன். மூன்றரை மணி நேரத் தொலைவில் இன்னோர் ஊரில் அவளுடைய ஒரே மகள் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். தலைப்பிரசவம். குறித்த நாளுக்குப் பத்து நாள் முன்னாலேயே வலி வந்துவிட்டதென்று காலை ஆறரைக்கு மருமகன் போன் செய்தான். ஏழரைக்கு மூவரும் கிளம்பினார்கள். எட்டு மணிக்கு வண்டி இந்தப் பட்டறைக்குள் நுழைந்தது. இப்போது பத்தரை.

இன்னும் கொஞ்சம் உட்காரட்டும் என்று நினைத்தாள் தையல்காரி. நான் உட்கார்ந்த மாதிரி உட்காரட்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே வண்டி, இதே மூன்று பேர், பட்டறைதான் வேறு. அன்றைக்குப் போன் வந்தது தையல்காரிக்கு. அம்மாவுக்கு முடியவில்லை, மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது, உன்னைத்தான் கேட்கிறாள், உடனே வா என்று அவளுடைய தம்பி அழுதான். அன்றைக்குப் பார்த்து ஏசி அனலாக ஊதியது. தெருமுனை தாண்டவில்லை, கணவன் வண்டியை ஓரம் கட்டினான். அவளை மட்டும் கீழே இறங்கச் சொல்லி, அக்காவுக்கு மயக்கம் வந்துவிடுமாம், பத்து நிமிஷத்தில் காட்டிவிட்டுப் போய்விடலாம் என்றான். அந்தப் பத்து நிமிஷம் நாலு மணி நேரமாக நீண்டது.

கேஸ் போட்டார்கள், பெல்ட் மாற்றினார்கள், முன்பக்கத்து விசிறியைக் கழற்றி மாட்டினார்கள். கணவன் வாசலில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தான். தையல்காரி மட்டும் வண்டியை விட்டு நகரவில்லை. சீக்கிரம், சீக்கிரம் என்று அந்த மெக்கானிக்கின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றாள். கடைசியில் அந்த ஆள் முன்சீட்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து டாஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டவர், அசட்டுச் சிரிப்போடு வெளியே வந்தார். குமிழைத் திருப்பினால் உள்ளே ஒரு கம்பி இழுபடும். அது ஒரு தகட்டை மூடி, இன்ஜின் சூட்டை உள்ளே வரவிடாமல் தடுக்கும். அந்தக் கம்பியைப் பிடித்திருக்கும் கிளிப் கழன்று விழுந்திருந்தது. சுண்டுவிரல் நகத்தளவு கிளிப். மாட்ட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "சார்கிட்டச் சொல்லிடாதீங்கம்மா, காலையிலேயே இதைப் பார்த்திருக்கணும்," என்றார். அவள் சொல்லவில்லை.

அம்மா போய் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அவள் போய்ச் சேர்ந்தாள். கடைசி வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம் அம்மா. அதைத் தம்பி மனைவி சொன்னபோது நாத்தனாரும் பக்கத்தில்தான் நின்றாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, என்னால்தான் இப்படி ஆகிவிட்டது என்று அவள் வாயிலிருந்து வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த முகத்திருப்பலைத் தையல்காரி மறக்கவில்லை.

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. இரண்டு தெரு தள்ளி இருந்த நாத்தனார் வருவாள், போவாள், பேசுவதெல்லாம் தன் தம்பியிடம், அதாவது தையல்காரியின் கணவனிடம்தான். அவன் அதை மனைவியிடம் கொண்டுவருவான். மனைவி பதில் சொன்னால் அங்கே கொண்டுபோவான். இந்தத் தபால் வேலையில் அவனுக்குச் சலிப்பே வந்ததில்லை. அக்கா திரைச்சீலை நீலத்தில் போடச் சொன்னாங்க. அக்கா சாயங்காலமே கிளம்பணும்னாங்க. உன் சமையல்ல காரம் தூக்கலா இருக்குன்னு அக்கா சொன்னாங்க. தனக்கு இது வேண்டும், அது பிடிக்கவில்லை என்று அந்த மனிதன் வாயால் சொல்லி அவள் கேட்டதே இல்லை. சாது என்று ஊரே சொன்னது. அக்காவின் பிடியில் மாட்டிக்கொண்ட அப்பாவி என்று அவளும் நம்பினாள்.

மூன்று வருஷத்தில் அவள் இரண்டு காரியம் செய்தாள். ஒன்று, வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். இனி எதற்கும் எவரையும் எதிர்பார்த்து ரோட்டோரம் நிற்பதில்லை என்ற வீம்பு. தைத்த துணிகளைக் கடைகளுக்கு அவளே வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். இன்னொன்று, காத்திருந்தாள்.

நாத்தனார் மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்தே அவளுக்குள் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது. போன வாரம், வீட்டில் யாரும் இல்லாத மதியத்தில், முன்சீட்டுக்குக் கீழே மல்லாந்து படுத்தாள். ஊசி முனையில் நூல் கோத்தே பழகிய விரல்கள். கிளிப்பைக் கழற்ற அரை நிமிஷம் போதுமாக இருந்தது. அதை ஊசி டப்பாவில் போட்டு மூடினாள். அந்த வாரம் முழுக்கத் துணி கொண்டுபோக அவள்தான் வண்டியை எடுத்தாள், அதனால் கணவனுக்கு விஷயம் தெரியவில்லை. பிறகு அவள் செய்ய வேண்டியது எதுவுமில்லை. ஏசி இல்லாமல் வரமாட்டேன் என்று நாத்தனார் தன் வாயாலேயே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்வாள். பெற்ற மகள் அம்மா அம்மா என்று கத்தும்போது இவள் ஏதோ ஒரு பட்டறையில் உட்கார்ந்திருப்பாள். அப்போது தெரியும் அவளுக்கு.

இதோ, எல்லாம் நினைத்தபடியே நடந்துகொண்டிருந்தது.

"எக்ஸ்பான்ஷன் வால்வா இருக்கலாம். மாத்திப் பார்த்துடுவோம். இந்த மாடலுக்கு மார்க்கெட் பக்கம் ஒரே ஒரு கடைலதான் கிடைக்கும். என் பைக்கை எடுத்துக்கிட்டுப் போய் வாங்கிட்டு வந்துடுங்க சார்," என்றார் மெக்கானிக்.

கணவன் சாவியை வாங்கிக்கொண்டான். கிளம்புமுன் அக்காவிடம் போய்க் குனிந்து, காதில் ஏதோ சொன்னான். நாத்தனார் நிமிர்ந்து, பட்டறையின் குறுக்காகத் தையல்காரியைப் பார்த்தாள். எரித்துவிடுகிற பார்வை. தையல்காரி கண்ணைத் தாழ்த்தவில்லை. பார், நன்றாகப் பார் என்று அவளும் முறைத்தாள்.

பைக் கிளம்பிப் போனது. மெக்கானிக் பக்கத்து வண்டிக்கு நகர்ந்தார். பதினோரு மணிக்கு நாத்தனாரின் போன் அடித்தது.

"உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களா? ஐயோ... என்னைக் கேட்டாளா? சொல்லு மாப்ளே, பக்கத்துலதான் வந்துட்டு இருக்காங்கன்னு சொல்லு. பொய்யாவது சொல்லு."

போனை வைத்தாள். பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். தையல்காரிக்கு வயிற்றில் ஒரு குளுமை பரவியது. மூன்று வருஷமாக எதிர்பார்த்திருந்த குளுமை. அதை ஆற அமர அனுபவிக்கலாம் என்று அவள் நினைத்த நேரத்தில், நாத்தனார் விடுவிடுவென்று நடந்து அவள் முன்னால் வந்து நின்றாள்.

"உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

மூன்று வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேராக வந்த முதல் பேச்சு. தையல்காரி தயாராகத்தான் இருந்தாள். "எனக்கா? இதை என்னைப் பார்த்துக் கேக்கறீங்களா அண்ணி?"

"பின்னே யாரைக் கேக்கறது? என் பொண்ணு அங்க துடிக்கறா. ஒரு மூணரை மணி நேரம், உன்னால ஏசி இல்லாம உட்கார முடியாதா? அப்படி என்ன ராணி நீ?"

தையல்காரிக்குக் காதில் விழுந்தது, மனதுக்குள் ஏறவில்லை. "என்ன சொல்றீங்க?"

"தெரியாத மாதிரி நடிக்காத. ஏசி சரியாகாம கிளம்பக் கூடாதுன்னு காலையிலேயே நீ ஒத்தைக் கால்ல நின்னியாமே. தம்பி பாவம், உனக்கும் எனக்கும் நடுவுல கிடந்து மாயறான். இப்பக்கூடச் சொல்லிட்டுத்தான் போறான், அவகிட்ட எதுவும் பேசிடாதக்கா, கோவத்துல இறங்கிப் போயிடுவான்னு. வாயை மூடிக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். இனிமே முடியாது."

"நானா?" என்றாள் தையல்காரி. "ஏசி இல்லாம நீங்க ஏற மாட்டீங்கன்னு இப்பத்தானே மெக்கானிக்கிட்டச் சொன்னாரு. என் காதாலயே கேட்டேன்."

"நானா?" என்றாள் நாத்தனாரும். "எங்க வீட்டுல ஏசியே கிடையாதுடி. எனக்குக் குளிர்காத்து பட்டாலே சளி பிடிக்கும். வண்டில எந்நேரமும் தலையில துணி சுத்திக்கிட்டு உட்கார்றதை நீ பார்த்ததில்லையா?"

பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறாள். வெறுப்போடு பார்த்தால் தலையில் சுற்றிய துணிகூடத் திமிராகத்தான் தெரியும்.

தையல்காரிக்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் இருந்தது. கேட்கப் பயமாகவும் இருந்தது.

"எங்க அம்மா செத்த அன்னைக்கு?"

நாத்தனாரின் முகத்தில் கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. "அன்னைக்கும் நீதான் சொன்னதா தம்பி சொன்னான். பெத்த தாய் மூச்சு இழுத்துக்கிட்டு இருக்கும்போது ஏசி கேக்கறாளே, இவ பொண்ணா பேயான்னுதான் அன்னைக்கு முகத்தைத் திருப்பிக்கிட்டேன். அப்புறம் உன்கிட்ட பேசவே எனக்குப் பிடிக்கலை."

பட்டறையில் யாரோ இரும்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கும் மனிதனைத் தையல்காரி நினைத்துப் பார்த்தாள். பத்து நிமிஷம் மின்சாரம் நின்றால் ஜன்னல் ஜன்னலாக ஓடுபவன். எனக்கு வேர்க்கிறது, என்னால் முடியவில்லை என்று சொல்ல ஆம்பளைக் கௌரவம் இடம் கொடுக்காமல், மனைவி தலையில் பாதியும் அக்கா தலையில் பாதியுமாகக் கட்டிவிட்டு, வாசலில் நின்று இளநீர் குடித்தவன். குடித்துவிட்டு, சாவு வீட்டில் அவளுக்கு ஆறுதலும் சொன்னான். அழாதே, அக்காவின் குணம் உனக்குத் தெரிந்ததுதானே என்று முதுகைத் தடவிக் கொடுத்தான். அந்தக் கை பட்ட இடம் இப்போது தீயாக எரிந்தது.

அவள் கைப்பையைத் திறந்தாள். ஊசி டப்பாவை எடுத்து, உள்ளிருந்து கிளிப்பை எடுத்தாள்.

"மெக்கானிக் அண்ணே! கேஸ் பாக்க மாட்டின இந்தக் குழாயெல்லாம் கழட்டிட்டு பானெட்டை மூடுங்க. வண்டி கிளம்பணும்."

"வால்வு வரலையேம்மா..."

"வால்வு ஒண்ணும் வேண்டாம்."

முன்சீட்டுக்குக் கீழே மல்லாந்து படுத்தாள். டாஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டு, கம்பியை இழுத்து, கிளிப்பை அழுத்தினாள். டிக் என்று உட்கார்ந்தது. எழுந்து இன்ஜினைக் கிளப்பிக் குமிழை நீலப் பக்கம் திருப்பினாள். மெக்கானிக் ஓடிவந்து தெர்மாமீட்டரைச் செருகினார். எண்ணைப் பார்த்துவிட்டு, இந்த முறை தெருவுக்குக் கேட்காமல் தனக்குள் முணுமுணுத்தார். "ஒன்பது." பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குழாய்களைக் கழற்றப் போனார்.

நாத்தனார் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். டப்பாவிலிருந்து கிளிப் வந்ததையும் பார்த்திருந்தாள். அவள் முட்டாள் இல்லை.

"நீதானா கழட்டினே?"

"நான்தான்."

"வேணும்னேதானே?"

"வேணும்னுதான். நான் நின்ன மாதிரி நீங்களும் நிக்கணும்னு."

அறை விழும் என்று தையல்காரி எதிர்பார்த்தாள். விழுந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். நாத்தனாரின் கை உயர்ந்து, பாதியில் நின்று, கதவைப் பிடித்து இழுத்தது. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வண்டியை எடு. உன்கிட்ட அப்புறம் பேசிக்கறேன்."

அவள் எடுத்தாள். யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நெடுஞ்சாலையில் ஏறியதும் தையல்காரியின் போன் அடிக்கத் தொடங்கியது. கணவன். அடித்து ஓய்ந்தது. நாத்தனாரின் போனில் அடித்தது; அவளும் எடுக்கவில்லை, மாப்பிள்ளையின் போன் வரும் என்று அழைப்பைத் துண்டித்துவிட்டாள். வண்டிக்குள் குளிர் ஏறியது. நாத்தனார் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டாள். தையல்காரி ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலை இறக்கினாள். வெயில் காற்று உள்ளே அறைந்தது.

பன்னிரண்டு ஐம்பதுக்கு மருமகன் கூப்பிட்டான். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். நாத்தனார் "சரி மாப்ளே, சரி மாப்ளே" என்று நாலைந்து தடவை சொன்னாள். போனை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நேரா போயிருந்தா பொறக்கறதுக்கு ஒண்ணே முக்கால் மணி நேரம் முன்னாலயே அவ பக்கத்துல இருந்திருப்பேன்," என்றாள்.

தையல்காரிக்கு ஸ்டியரிங் வழுக்கியது. உள்ளங்கை அவ்வளவு வேர்த்திருந்தது. குறி தப்பாமல் அடித்திருக்கிறாள். ஆனால் அடிபட்டவள் அடிபட வேண்டியவள் இல்லை. "அண்ணி, என்னை..." என்று தொடங்கினாள்.

"இப்ப வேண்டாம். ரோட்டைப் பார்த்து ஓட்டு."

மறுபடியும் கணவனின் போன். பதினேழாவது முறை. தையல்காரி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் அவளுடைய போனை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, இருவருக்கும் நடுவில் பிடித்தாள்.

"எங்க இருக்கே நீ?" கணவனின் குரல் பதறியது. "வால்வை வாங்கிட்டு வந்து பார்த்தா வண்டியையே காணோம்! வெயில்ல நடுத்தெருவுல நிக்கறேன். மனுஷன் உருகறேன் இங்க."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க," என்றாள் தையல்காரி. "எங்க அம்மா சாகக் கிடந்த அன்னைக்கு, ஏசியைச் சரி பண்ணிட்டுத்தான் போகணும்னு சொன்னது யாரு?"

அந்தப் பக்கம் ஏதோ ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பிறகு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மிகவும் ஜாக்கிரதையாகக் கேட்டான்.

"அக்கா பக்கத்துல இருக்காங்களா?"

தையல்காரி வாயைத் திறக்குமுன் நாத்தனார் போனைத் தன் வாய்க்கருகே கொண்டுபோனாள்.

"இருக்கேன்டா. அவளும் இருக்கா. யாருன்னு ரெண்டு பேருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."